எதிர்த்தரப்பு நாற்காலி

ஆலங்கரையில் ஒரு ஐப்பசியிலிருந்து அடுத்த பங்குனி வரைக்கும் கடவுள் கோயிலிலும் இல்லை, தேவாலயத்திலும் இல்லை, பருத்தி மண்டி மாடியில் எங்கள் நாத்திகர் மன்றத்துப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று நான் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரிக்கின்றன. சிரிக்கட்டும், எனக்கென்ன, நான் லோகநாயகி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டியே ஆயுசைக் கழித்தவள், ஊரார் சொன்ன பொய்யெல்லாம் என் காது வழியாகத்தான் வெளியூர் போய் வந்தது, புதிதாக நானும் ஒன்று சொல்லி ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அப்போது மன்றம் என்றால் நாலு பேர். தலைவர் ஆவுடையப்பன், அரசாங்க மாட்டு டாக்டர், நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். செயலாளர் எபனேசர் சார், காலேஜில் தத்துவம் நடத்துகிறவர், உபதேசியார் மகன், பைபிளை மனப்பாடமாகச் சொல்லி அதை வைத்தே பைபிளை மறுப்பார். மூன்றாவது சங்கரலிங்கம் முதலாளி, மண்டிக்குச் சொந்தக்காரர், கீழே கல்லாவில் சாமி படத்துக்குச் சூடம் காட்டி முடித்து, படியேறும்போதே நெற்றித் திருநீற்றைத் துண்டால் துடைத்துக்கொண்டு மேலே வந்து, கடவுள் இல்லை என்று மேஜையைத் தட்டுவார். கேட்டால், "கீழ யாவாரம், மேல கொள்கை, ரெண்டையும் கொழப்பப்பிடாது" என்பார். நாலாவது நான், ஒரே பொம்பளை, வாயாடி. கடவுள் இல்லை என்று சொல்லக் கூடின நாலு பேருக்கும் பெற்றவர்கள் வைத்த பேர் கோயிலிலிருந்தும் வேதத்திலிருந்தும் எடுத்த பேர்தான், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

அண்ணாச்சிக்கு ஒரு மகள் இருந்தாள். சாமி பேர் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து அல்லி என்று வைத்தார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை, மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டது. அவர் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், அவர் பெண்சாதி பிச்சம்மாள் மதினி அம்மன் கோயிலில் ஈரத்துணியோடு உருண்டாள், ரெண்டும் பலிக்கவில்லை. பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று மதினி, நான் என்ன பாவம் செய்தேன், யார் சாபம் இது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, அண்ணாச்சி அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "யாரும் செய்யல, பிச்சு. நீயும் செய்யல, நானும் செய்யல, மேல இருந்தும் யாரும் செய்யல. அது ஒரு காய்ச்சல். வெறும் காய்ச்சல்." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அம்மாள் எழுந்து தலைமுடிந்து, உலை வைத்து, அதற்கப்புறம் வந்த வருஷங்களையெல்லாம் தாண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மன்றம் கூடும். அடேயப்பா, என்ன பேச்சு, என்ன சண்டை! செத்துப் பிறக்கிற கன்றுக்குட்டி போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தது, அதைச் சொல்லுங்கள் முதலில் என்று அண்ணாச்சி கேட்பார். கடவுள் பார்க்கிறார் என்று திருடாதவனுக்கும் போலீஸ் பார்க்கிறது என்று திருடாதவனுக்கும் என்ன வித்தியாசம், யாரும் பார்க்காதபோது திருடாதவன்தானே யோக்கியன் என்பார் எபனேசர் சார். "யோவ், நல்லா இருக்கே கத! யாரும் பாக்கலைன்னா எம் மண்டில ஒரு பொதி பஞ்சு தங்காது" என்று முதலாளி குதிப்பார். நட்சத்திரம் எப்படி எரிகிறது, பூமி எப்படித் தொங்குகிறது, நல்லது என்பது மனுஷனுக்குள்ளேயே முளைத்ததா வெளியேயிருந்து வந்ததா என்று டீயும் வடையுமாகப் பேசி, குரல் கட்டி, முகம் கொடுக்காமல் படியிறங்கி, அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வந்து நிற்போம். 

மன்றத்துக்கு ஒரு விதி உண்டு, அண்ணாச்சி வைத்த விதி. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்மானம் போடக்கூடாது. ஆரம்பத்தில் கோயில் தர்மகர்த்தாவும் பாதிரியாரும் வந்து எதிர்த்தரப்பாக உட்கார்ந்து பார்த்தார்கள், எபனேசர் சார் வாய்க்கு முன்னால் நிற்க முடியாமல் அப்புறம் எட்டிப்பார்க்கவில்லை. ஆள் இல்லையென்று விதியை விட்டுவிட முடியுமா? அண்ணாச்சி தன் வீட்டிலிருந்து ஒரு பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டார். ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் தொடங்கும்போது எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கல்யாண வீட்டு வாசலில் சம்பந்தியை அழைக்கிற மாதிரி கைகூப்பி, "எதிர்த்தரப்புப் பேச்சாளர் கடவுள் அவர்கள், இருப்பாரேயானால், வந்து அமர்ந்து தம் பக்கத்தை எடுத்துரைக்கும்படி அன்புடன் அழைக்கிறேன்" என்பார். எபனேசர் சார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு நிமிஷம் போனதும் மணியைத் தட்டி, "வரவில்லை, அடுத்த பொருள்" என்பார்.

ஊர் அதைக் கேலி என்று நினைத்தது. அண்ணாச்சிக்கு அதில் கேலியே கிடையாது, நிஜமாகவே கூப்பிட்டார், நிஜமாகவே ஒரு நிமிஷம் காத்திருந்தார், நாங்கள் செய்த பிழை அதுதான். கோயிலில் கூப்பிடுகிறவன் அதைக் கொடு இதைக் கொடு என்று கூப்பிடுகிறான். வாருங்கள், உட்காருங்கள், உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம் என்று அந்த ஊரில் கூப்பிட்டது நாங்கள் நாலு நாத்திகர்கள் மட்டும்தான்.

அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. அண்ணாச்சி அழைத்தார், எபனேசர் சார் கடிகாரத்தைப் பார்த்தார், நாற்காலி கிரீச் என்றது, பிரம்புப் பின்னல் மெல்லக் கீழே இறங்கி நின்றது, அவ்வளவுதான். மணி தட்டத் தூக்கின கை தூக்கினபடியே நிற்க, எபனேசர் சார் அண்ணாச்சியைப் பார்த்தார்.

"மழைக்குப் பிரம்பு ஊறிருக்கும்" என்றார் அண்ணாச்சி.

முதலாளி எழுந்து போய் நாற்காலியைத் தூக்கினார், வரவில்லை, ரெண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார், வரவில்லை. "ஆணி கீணி அடிச்சுட்டானுவளா?" என்று குனிந்து காலைத் தடவிப் பார்த்தார். ஆணி இல்லை.

"ஆள் இருக்கு அண்ணாச்சி" என்றேன் நான். எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்கு அது தெரியும், மறுமுனையில் ஆளே இல்லாத மௌனம் ஒன்று, ஆள் இருந்துகொண்டு பேசாத மௌனம் இன்னொன்று, காதுக்கு ரெண்டும் வேறு வேறு.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் முதலாளி பக்கம் திரும்பி, "வந்தவருக்கு ஒரு டீ சொல்லும்வே" என்றார்.

மறுநாள் விஞ்ஞானம் தொடங்கியது. மாட்டுக்கு வைக்கிற ஸ்டெதஸ்கோப்பை நாற்காலி மேல் அங்கேயும் இங்கேயும் வைத்து அண்ணாச்சி கேட்டார், துடிப்பு இல்லை. தெர்மாமீட்டரை எடுத்தவர், மாட்டுக்கு வைக்கிற இடத்தை நினைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டார். மண்டியிலிருந்து எடை மெஷினை மேலே ஏற்றி, சுமைதூக்குகிற ஆட்கள் நாலு பேர் நாற்காலியைத் தம்கட்டித் தூக்கி அதன்மேல் வைத்தார்கள், நாற்காலி போக ஒரு நடுத்தர ஆளின் எடை வந்தது. வாராவாரம் நிறுத்தோம். அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த வாரம் ரெண்டு கிலோ கூடியிருந்தது. "அம்புட்டுப் படையல் தின்னா ஏறாதா?" என்றார் முதலாளி, எபனேசர் சார் அதைக் குறிப்பில் ஏற்ற மறுத்துவிட்டார்.

சங்கதி ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? தேங்காய், பழம், மாலை, மெழுகுவர்த்தி, தர்கா சந்தனக்கூட்டுக்குப் போகிற ஊதுபத்தி என்று ஜனம் படியில் நெருக்கித் தள்ளியது. அண்ணாச்சி கடைசிப் படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "தேங்காயெல்லாம் கீழ வச்சுட்டுப் போங்க. மேல வந்தா கேள்வி கேக்கலாம், கும்பிடப்பிடாது. இது மன்றம், கோயில் இல்ல."

"எந்தச் சாமிய்யா வந்திருக்கு? எங்க சாமியா, அவங்க சாமியா?"

"எதிர்த்தரப்பு வந்திருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

சண்டை பிடித்தார்கள், திட்டினார்கள், தர்மகர்த்தா தாலுகா ஆபீஸ் வரை போய் வந்தார், பாதிரியார் அது பிசாசு என்று ஒரு ஞாயிறும் பிசாசு நாத்திகரைத் தேடி வராது என்று மறு ஞாயிறும் பிரசங்கம் செய்தார். ஆனால் கும்பிடாமல் நிற்கப் பழகிக்கொண்டார்கள். கும்பிடுகிற கையை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டினார்கள், அப்புறம் இடுப்பில் வைத்தார்கள், இடுப்பில் கை வைத்தால் பேச்சு தானாக வந்துவிடுகிறது பாருங்கள், எங்கள் ஊர்ப் பொம்பளைகள் கடவுளைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தார்கள். எத்தனை வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டேன், இவன் குடியை நிறுத்தினாயா என்று ஒருத்தி, மழையைக் கேட்டால் வெள்ளத்தை அனுப்புகிறாயே உனக்கு அளவு தெரியாதா என்று ஒருத்தி. நாற்காலி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேட்டது. சொல்லி முடித்தவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாந்தமாகப் படியிறங்கிப் போனதை நான் பார்த்தேன், பால்காரரும் பூக்காரியும் போகிற போக்கில் ஏறி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அது ஊரில் வாடிக்கையாகிவிட்டது.

சங்கடமெல்லாம் எங்களுக்குத்தான். எதிர்த்தரப்பு வந்துவிட்டது, வந்தவர் பேசவில்லை, பேசாமல் தீர்மானம் போட விதி இல்லை, ஆக வருஷா வருஷம் தையில் நிறைவேற்றுகிற 'கடவுள் இல்லை' தீர்மானம் நின்றுபோயிற்று. எபனேசர் சார் தாடி வளர்த்துக்கொண்டு புலம்பினார். "லோகு, இப்ப நான் பொய் சொல்லாம இருக்கது எனக்காகவா, இல்ல இந்த நாற்காலிக்குப் பயந்தான்னு எனக்கே தெரியமாட்டேங்கு. எங்கிட்ட இருந்ததே அந்த ஒரு யோக்கியத, அதயும் பிடுங்கிக்கிட்டாரே இந்த மனுஷன்." முதலாளி கீழே சூடம் காட்டுவதை நிறுத்திவிட்டார், மேலேயே ஆள் இருக்கும்போது கீழே படத்துக்குக் காட்டுவது மரியாதை இல்லையாம்.

அண்ணாச்சி மட்டும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் வழிவிட்டவர், ஆறிப்போன டீயை வாராவாரம் கொட்டிவிட்டுப் புது டீ வைத்தவர், அந்த நாற்காலியை நேருக்கு நேர் பார்க்கவே இல்லை. கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார்.

மாசிக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் பிச்சம்மாள் மதினி மாடியேறி வந்தாள். அதுவரை மன்றத்துப் படியை மிதித்தவளில்லை. எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே போய் நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள், இடுப்பில் கை வைக்கவில்லை, கத்தவில்லை, கடைக்காரரிடம் விலை கேட்கிற குரலில் கேட்டாள்.

"எம் பிள்ளைய ஏன் கொண்டுபோன?"

நாற்காலி பேசவில்லை. மதினி பொழுது அடைகிற வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள், வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள், வீட்டில் அடுப்பு எரியவில்லை, தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. கூட்டிப்போக வந்த அண்ணாச்சியிடம் அவள் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"யாரும் செய்யலன்னு சொன்னீங்க. நம்புனேன். அத நம்பித்தான இத்தன வருஷம் சோறு தின்னேன், ஒறங்குனேன். இப்ப ஆள் இருக்காருல்லா? நீங்களே கூப்பிட்டு உக்கார வச்சிருக்கீங்கல்லா? அப்பம் இவருதான செஞ்சிருக்காரு? ஏன்னு சொல்லட்டும், நான் எந்திரிக்கேன்."

 எந்த மேடையிலும் பதில் இல்லாமல் நிற்காத மனுஷன், கையைப் பிசைந்துகொண்டு நின்றார், எனக்கு அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை, பெற்ற வயிறு காய்ந்துகொண்டிருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று நானே நாற்காலியைப் பார்த்து ஏசினேன். 

பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நாங்கள் வந்தபோது மதினியால் உட்காரவும் முடியவில்லை, சுவரில் சாய்ந்திருந்தாள், உதடு வெடித்திருந்தது. அண்ணாச்சி புது டீயை வாங்கி நாற்காலிக்குப் பக்கத்து முக்காலியில் வைத்தார். எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக நாற்காலியை நேரே பார்த்துக் கைகூப்பினார்.

"ஐயா, கூப்பிட்டது நான்தான். கூப்பிட்ட மரியாதைக்கு வந்தீங்க. வந்தவரப் போங்கன்னு சொல்லுதது தப்பு, அது எனக்குத் தெரியும். ஆனா நீங்க இருந்தா எம் பிள்ள சாவுக்கு ஒரு ஆள் இருக்குன்னு ஆவுது. ஒங்கள மன்னிக்க எனக்குத் தெம்பு கிடையாது. ஒங்ககிட்ட வழக்குப் பேச இவளுக்குத் தெம்பு கிடையாது. நீங்க இல்லன்னா அது ஒரு காய்ச்சல், வெறும் காய்ச்சல், அத வச்சுக்கிட்டு நாங்க எப்பிடியாச்சும் இருந்துக்கிடுவோம். இந்த வயசு வரைக்கும் ஒங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கேன்." கனைத்துக்கொண்டார். "இல்லாமப் போயிருங்க."

எபனேசர் சார் வழக்கப்படி கடிகாரத்தைப் பார்த்தார். கீழே மண்டியில் யாரோ பொதியை உருட்டுகிற சத்தம் கேட்டது.  அப்புறம் நாற்காலி, வயசானவர் கைப்பிடியை ஊன்றி எழுந்திருக்கிற மாதிரி, நீளமாகக் கிரீச் என்றது, பள்ளமாகக் கிடந்த பிரம்புப் பின்னல் ஒவ்வொரு இழையாக மேலே வந்து சமமாகி நின்றது.

முக்காலியில் பார்த்தேன். அத்தனை மாசமும் ஆறி ஆடை படர்ந்து தொடாமல் கிடந்த டீ, அன்றைக்குத் தம்ளரில் ஒரு சொட்டு இல்லை.

மதினி சுவரைப் பிடித்து எழுந்து வந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கினாள், வந்தது, பட்டினி கிடந்த கைக்கே வந்தது. தூக்கினதைக் கீழே வைத்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"பசிக்கு" என்றாள்.

முதலாளி செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினார். அவள் இட்லியைப் பிய்த்துத் தின்னத் தின்ன அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து அழுதார், நானும் அழுதேன், எபனேசர் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, நடவடிக்கைக் குறிப்பில் என்னவென்று எழுத என்று கேட்டார். "எதிர்த்தரப்பு வெளிநடப்புன்னு எழுதும்" என்றார் முதலாளி. அப்படியே எழுதினார்.

ஊர் சும்மா விடுமா? வந்த தெய்வத்தை விரட்டிவிட்ட பாவிகள் என்று கொஞ்ச காலம் எங்கள் வாசலில் மண்ணைத் தூற்றினார்கள். சாமி கோயிலுக்கே திரும்பிவிட்டார் என்று தர்மகர்த்தா சொன்னதும் ஊர் அடங்கியது. ஆனால் பொம்பளைகளுக்கு இடுப்பில் கை வைத்துப் பேசிப் பழகிவிட்டது, அந்தக் கேள்விகளை வீட்டில் புருஷனிடமும், பஞ்சாயத்து ஆபீஸில் தலைவரிடமும், கடைசியில் தர்மகர்த்தாவிடமுமே கேட்க ஆரம்பித்தார்கள், அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

மன்றம் அப்புறமும் நடந்தது. அதே டீ, அதே வடை, அதே சண்டை. நாற்காலியும் அதே இடத்தில் கிடந்தது, ஆனால் அண்ணாச்சி அழைப்பை மட்டும் சொல்வதில்லை. ஒருநாள் வடைக்குக் காத்திருக்கும்போது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணாச்சி இப்பல்லாம் கூப்பிடமாட்டேங்கீங்க?"

"கூப்பிட்டா வந்திருவாரு, லோகு."

"அப்பம் அவரு இருக்காருங்கீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எம் பொண்டாட்டி ஒரு வாய் சோறு திங்கணும்னு, இல்லாமப் போங்கன்னு சொன்னேன். சரின்னு இல்லாமப் போயிட்டாரு. அப்பிடிப்பட்ட ஆள இருக்காருன்னு சொல்லிக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரல்ல. நான் இல்லன்னே சொல்லிட்டுப் போறேன்." சாகிற வரைக்கும் இல்லை என்றேதான் சொன்னார், முன்னைவிட உறுதியாக, முன்னைவிடப் பிரியமாக.

இப்போது அண்ணாச்சி இல்லை, மதினி இல்லை, எபனேசர் சார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று அவர் வீட்டார் கல்லில் வெட்டிவைத்தபோது எனக்குக் கோபமும் சிரிப்புமாக வந்தது, முதலாளியும் போய்ச் சேர்ந்தார், மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடை, எக்ஸ்சேஞ்சுக்குப் பூட்டு. நாற்காலி மட்டும் என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. யாரையும் அதில் உட்காரவிடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ போட்டு முக்காலியில் வைத்துவிட்டு, எதிரே நின்று சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஆவுடையப்பன் அவர்கள், இருப்பாரேயானால், வந்து அமரும்படி அன்புடன் அழைக்கிறேன் என்று சொல்வேன். ஒரு நிமிஷம் காத்திருப்பேன். எபனேசர் அவர்கள், சங்கரலிங்கம் அவர்கள், பிச்சம்மாள் அவர்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன், ஒவ்வொரு நிமிஷம் காத்திருப்பேன். பிரம்பு அசையாது. தூக்கிப் பார்ப்பேன், சுண்டுவிரலுக்கு வரும். செத்தால் தீர்ந்தது, போகவும் இடமில்லை வரவும் வழியில்லை என்று ஆயுசு முழுக்க மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னவர்கள் ஆயிற்றே, நான் தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் சொன்ன சொல்லிலேயே நிற்கிறார்கள், பாவிகள்.